வன்னியில் பல்கலைக்கழகச் சேகரங்களைத் தரவுத்தொகுதியாக வெளியிடுதல்: முழுமையான வழிகாட்டி

ஓர் ஆய்வேட்டை ஸ்கான் செய்து பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், அதைத் திறந்து வாசிக்க முடியும். ஆனால் "முல்லைத்தீவு மாவட்டக் குளங்களைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் உள்ளன, எந்த ஆண்டுகளில் எழுதப்பட்டன, எந்தக் குளத்தை இதுவரை எவரும் ஆராயவில்லை?" என்று கேட்கும் மாணவிக்கு அது போதாது. அவர் முந்நூறு பிடிஎஃப் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அதே முந்நூறு ஆய்வேடுகளின் தலைப்பு, ஆண்டு, துறை, ஆய்விடம், சுருக்கம் ஆகியவை ஒரே அட்டவணையில் ஒழுங்காக இருந்தால் அரை மணித்தியாலத்தில் விடை கிடைக்கும். அந்த அட்டவணையும், அதைப் புரிந்துகொள்ளத் தேவையான குறிப்புகளும், பயன்படுத்துவதற்கான அனுமதியும் சேர்ந்ததே தரவுத்தொகுதி.

இந்த வழிகாட்டி வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் நூலகம், துறை அலுவலகம், கணினி ஆய்வுகூடம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பெரிய பணமோ தனி சேர்வரோ தேவையில்லை. இரண்டு பேர், ஒரு மடிகணினி, வாரத்துக்கு ஒரு முழுநாள் இருந்தால் சிறிய சேகரம் ஒன்றை ஒரு தவணைக்குள் முடிக்கலாம்.

வேறு நாடுகளின் வழிகாட்டிகளில் காணாத ஒரு வேலை வன்னியில் உண்டு. இங்குள்ள பதிவேடுகளில் இடைவெளிகள் அதிகம். இடம்பெயர்வில் தொலைந்தவை, எரிந்தவை, எழுதப்படாமலே போனவை என்று பல காரணங்கள். அந்த இடைவெளி எதனால் வந்தது என்பதை ஒவ்வொரு வரியிலும் பதியாவிட்டால் தரவுத்தொகுதி பொய் சொல்லும். கீழே வரும் படிகளில் பாதி இதைச் சுற்றியே இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். உரிமை தெளிவாக உள்ள, எல்லை தெரிந்த, யாராவது ஏற்கெனவே கேட்டிருக்கும் ஒரு சேகரத்தை எடுங்கள். 200 முதல் 500 உருப்படிகள் போதும்.

முதல் தெரிவாக இளநிலை, முதுநிலை ஆய்வேடுகளின் மீதரவே, அதாவது அவற்றைப் பற்றிய விவரங்களே, சிறந்தது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, துறை போன்றவை வெறும் தகவல்கள் என்பதால் உரிமைச் சிக்கல் குறைவு, பாடத்துக்கும் உடனே உதவும். இரண்டாவது, மழைவீழ்ச்சி, குள நீர்மட்டம், நெல் விளைச்சல் போன்ற கையெழுத்துப் பதிவேடுகள். வேலை கூடியவை என்றாலும் ஆய்வாளர்கள் மிக அதிகமாகத் தேடுவது இவற்றைத்தான். புகைப்படங்களையும் வாய்மொழி நேர்காணல்களையும் மூன்றாவதாக வையுங்கள். அவற்றில் மனிதர் இருக்கிறார்கள். அனுபவம் வந்த பிறகே தொட வேண்டும்.

தெரிவு செய்ததும் ஒரு பக்கத்தில் நான்கு விடயங்களை எழுதி நூலகர், துறைத்தலைவர் இருவரிடமும் ஒப்பம் வாங்குங்கள்: எந்தச் சேகரம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதை வெளியிடப் போவதில்லை, பிறகு யார் பொறுப்பு. கடைசி விடயத்தை விட்டுவிட்டால், பொறுப்பாக இருந்தவர் மாற்றலாகிப் போனதும் தரவுத்தொகுதி அநாதையாகிவிடும்.

உரிமையும் மனிதரும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆய்வேடு பொதுவாக எழுதிய மாணவருக்கே உரியது. நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதால் முழு உரையை வெளியிடும் உரிமை நூலகத்துக்கு வந்துவிடாது. இனி ஒப்படைக்கப்படும் ஆய்வேடுகளுக்கு, "களஞ்சியத்தில் வைக்கலாம், உரையைத் தரவாகவும் பயன்படுத்தலாம்" என்ற இரு தனிப் பெட்டிகள் கொண்ட ஒப்புதல் படிவத்தை இன்றே அறிமுகப்படுத்துங்கள். பழையவற்றுக்கு மீதரவை மட்டும் வெளியிடுங்கள். முழு உரையிலிருந்து ஏதாவது தரத்தான் வேண்டுமென்றால் பக்கவாரியான சொல் எண்ணிக்கையைத் தரலாம். அமெரிக்காவின் ஹாத்திட்ரஸ்ட் எண்ணிம நூலகம் உரிமையுள்ள நூல்களுக்கும் இப்படித்தான் செய்கிறது. சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்பது தெரியும்; நூலை மீள வாசிக்க முடியாது.

தனிமனிதத் தரவைப் பற்றி 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இனம், சமயம், அரசியல் கருத்து, உடல்நலம், சிறுவர் பற்றிய தகவல்களை அது தனிக் கவனத்துக்குரியவையாக வகுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வன்னியில் இந்தக் கவனம் தேவை. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எண்பது குடும்பங்கள் உள்ள ஒரு கிராம அலுவலர் பிரிவில் "52 வயது, பெண் தலைமைக் குடும்பம், தையல் தொழில், காலில் காயம்" என்று ஒரு வரி இருந்தால், அவர் யாரென்று ஊரே சொல்லும். ஆகவே களஆய்வு அட்டவணைகளில் வயதைப் பத்தாண்டு வகுப்பாக்குங்கள். ஊரைப் பிரதேச செயலர் பிரிவாக உயர்த்துங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கூட்டமும் தனி வரியாகத் தெரியக்கூடாது. ஆள்கூறுகளை (அகலாங்கு, நெட்டாங்கு) இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் துல்லியம் ஏறத்தாழ 1.1 கிலோமீற்றராகும், ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் 11 கிலோமீற்றர். குளத்துக்கு ஆறு தசமமும் தரலாம். வீட்டுக்கு ஒருபோதும் தரக்கூடாது.

கைத்தொலைபேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு மறைவாக இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் வெளியிடும் பிரதிகளிலிருந்து அதை நீக்குங்கள், மூலத்தில் விட்டுவையுங்கள்.

நேர்காணல் ஒலிப்பதிவுகள் வேறு வகை. ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடிய கதையை ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்காகச் சொன்னார் என்றால், அந்தச் சம்மதம் அந்த ஆய்வேட்டோடு முடிகிறது. இணையத்தில் வைக்க மீண்டும் போய்க் கேட்க வேண்டும். கேட்க முடியாவிட்டால் மூடி வையுங்கள். காணி அனுமதிப்பத்திரங்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய பட்டியல்கள், நிவாரணப் பதிவேடுகளுக்கும் இதே விதிதான். ஒவ்வொரு சேகரத்தையும் திறந்தது, விண்ணப்பித்துப் பார்ப்பது, மூடியது என மூன்றில் ஒன்றாக வகுத்து, வகுத்த காரணத்தையும் எழுதி வையுங்கள்.

கோப்புகளை ஒழுங்குபடுத்தல்

ஸ்கான் இன்னும் முடியவில்லை என்றால், அச்செழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), பொடி எழுத்துக்கும் மங்கிய கையெழுத்துக்கும் 400, புகைப்படத்துக்கு 600 வையுங்கள். மூலம் டிஃப் என்ற படக்கோப்பு வடிவில் இருக்கட்டும். சுருக்காத நிற டிஃப்பில் 300 டிபிஐ ஏ4 பக்கம் ஒன்று ஏறத்தாழ 26 எம்பி. நூறு பக்க ஆய்வேடு 2.6 ஜிபி; முந்நூறு ஆய்வேடுகள் 780 ஜிபி. வன்தட்டு வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள், பிரதிகளுக்கும் சேர்த்து.

மூன்று பிரதிகள் தேவை. இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வவுனியாவில் உள்ளதன் பிரதி யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கட்டும். ஒரே அறையில் அடுக்கிய மூன்று வன்தட்டுகளை ஒரு பிரதியாகவே எண்ணுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை உருவாக்கி ஒரு பட்டியலில் வையுங்கள். மின்வெட்டின்போது பாதியில் நின்ற நகலெடுப்பு வெளிப்பார்வைக்கு முழுமையாகவே தெரியும். அந்த எண் பொருந்தாதபோதுதான் கோப்பு கெட்டிருப்பது புலப்படும்.

கோப்புப் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர எதுவும் வேண்டாம். தமிழ்ப் பெயர் மீதரவில் இருக்கட்டும். தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைப் பழைய விண்டோஸில் ஸிப் செய்து வேறு கணினியில் விரித்தால் பெயர்கள் சிதைந்து வருவதுண்டு. எண்களை 0001 என நான்கு இலக்கத்தில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் 10 என்பது 2க்கு முன்னால் வரிசையாகும். அடையாள எண்ணுக்குள் மாவட்டம், அலுமாரி எண், துறைப்பெயர் எதையும் புதைக்க வேண்டாம். அவை மாறும், அடையாள எண் மாறக்கூடாது.

உங்கள் களஞ்சியம் டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளில் இயங்கினால், நிருவாகியாக நுழைந்து ஒரு சேகரத்தின் மீதரவு முழுவதையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணையாக) ஏற்றுமதி செய்யலாம். அதில் இரண்டு இடங்களில் தடுக்கும். ஒரே பெட்டியில் பல ஆசிரியர்கள் இருந்தால் இரட்டை நிலைக்கோடு அவர்களைப் பிரிக்கும். அதைக் கவனிக்காமல் எண்ணினால் இரண்டு பேர் ஒருவராவார்கள். அடுத்து, மொழிக்குறி சேர்த்துப் பதிந்ததும் சேர்க்காமல் பதிந்ததும் தனித்தனி நிரல்களாக வரும். தலைப்பு மூன்று நிரல்களில் சிதறிக் கிடப்பதைப் பார்த்துப் பாதி ஆய்வேடுகளுக்குத் தலைப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அவற்றை ஒன்றாக்குங்கள்.

நிறுவனப் பெயரிலும் கவனம் வேண்டும். வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். 2015இல் ஒப்படைத்த ஆய்வேட்டுக்கு "வவுனியாப் பல்கலைக்கழகம்" என்று போடுவது பிழை. பட்டம் வழங்கிய நிறுவனம் ஒரு நிரல், இப்போது வைத்திருக்கும் நிறுவனம் இன்னொரு நிரல் என்று பிரித்துவிடுங்கள்.

தமிழ் உரை: நேரம் போகும் இடம்

பழைய ஆய்வேடுகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அதன் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான்; எழுத்துரு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. அப்படியே நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல் கிடைக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. ஆனால் கோப்பு முழுவதையும் அவற்றில் போட்டால் இடையிடையே உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்கள், தாவரப் பெயர்கள், அலகுகள் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்ட் கோப்பு கையில் இருந்தால், ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் உள்ளது என்ற தகவலும் அதற்குள் இருக்கும். பாமினி குறித்த துண்டுகளை மட்டும் மாற்றும்படி செய்யுங்கள். ஆகவே அச்சுப்பிரதியை ஸ்கான் செய்வதற்கு முன் துறையிலோ மாணவரிடமோ வேர்ட் மூலம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஒருங்குறியில் எழுதிய ஆய்வேடும் பிடிஎஃப் ஆனபின் நம்பத்தக்கதல்ல. கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிவதால், உள்ளே எழுத்து வரிசை புரண்டிருக்கும். எளிய சோதனை ஒன்று: பிடிஎஃப்பைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் "நெடுங்கேணி" அல்லது "கொக்குத்தொடுவாய்" என்ற சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த உரை அடுக்கைக் கைவிட்டு, பக்கத்தைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரியில் கொடுப்பதே விரைவான வழி.

டெசராக்ட் எழுத்துணரிக்குத் தமிழ் மாதிரி உண்டு; இணையமில்லாமலே இயங்கும். கூகிள் டிரைவிலும் செய்யலாம், ஆனால் மூடிய சேகரங்களை அங்கே ஏற்றாதீர்கள். இரண்டிலும் புள்ளி விழுந்துபோவது, துணைக்கால் ரகரமாவது, ன ண ள மயங்குவது ஆகியவை வழக்கமான பிழைகள். ஏதேனும் இருபது பக்கங்களை எழுமாறாக எடுத்துக் கையால் திருத்தி, எழுத்துப் பிழை வீதத்தைக் கணக்கிடுங்கள். 2 சதவீதம் என்றால் குறைவாகத் தோன்றும். சொல்லுக்கு எட்டு எழுத்துக்குறி என்று கொண்டால் ஆறு ஏழு சொல்லுக்கு ஒன்று பிழை. பொதுவான கருப்பொருளைத் தேட அது போதும். ஊர்ப்பெயர் எண்ணப் போதாது. முழுவதையும் திருத்துவதென்றால் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாது. திருத்த முடியாவிட்டாலும் பிழை வீதத்தை வெளியிடுங்கள். அதைப் பார்த்து எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்வாளர் முடிவு செய்வார்.

அடுத்தது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, ஆனால் தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. இத்தகைய இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஒருங்குறியின் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும். பைத்தானில் ஒரு வரி வேலை. ஆனால் "கௌதாரிமுனை" போன்ற ஊர்ப்பெயரில் உள்ள சிக்கல் தீராது. பலர் அதைக் "கெ" தட்டி அதன்பின் "ள" தட்டி "கெளதாரிமுனை" என்று எழுதுகிறார்கள். இயல்பாக்கத்துக்கு அது முறையான எழுத்துத்தொடர், ஆகவே தொடாது. இவற்றைப் பட்டியல் போட்டுத்தான் மாற்ற வேண்டும். "கெள" என்பதை எல்லாம் "கௌ" ஆக்கிவிடவும் முடியாது, "கெளிறு" மீனும் மாறிப்போகும். ஸ்ரீ இரண்டு விதமாக எழுதப்படுகிறது, அதையும் ஒன்றாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்குங்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் பழையது, புதியது, எத்தனை இடம் என்று ஒரு பதிவில் வையுங்கள்.

அட்டவணை

ஒரு வரி, ஒரு பொருள். ஒரு பெட்டி, ஒரு மதிப்பு. பெட்டிகளை இணைப்பதும் நிறம் தீட்டிப் பொருள் சொல்வதும் கூடாது. சிஎஸ்வியாகச் சேமித்த கணத்தில் நிறமெல்லாம் போய்விடும். எழுத்துக் குறியாக்கம் ஒருங்குறியின் யூடிஎஃப்-8. எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறப்பவர்களுக்குத் தமிழ் சிதைந்து தெரியாமலிருக்க, கோப்பின் முன்குறியுடன் கூடிய "சிஎஸ்வி யூடிஎஃப்-8" வகையாகச் சேமியுங்கள்.

காலபோகம் இரண்டு ஆண்டுகளில் விழுகிறது. பதிவேட்டில் 2010/11 காலபோகத்தை "10/11" என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே எக்செல்லில் தட்டினால் திகதியாக மாறிவிடும், மாறியதை எவரும் கவனிக்கவும் மாட்டார்கள். தட்டச்சு தொடங்குமுன் நிரலை உரை வகைக்கு மாற்றுங்கள். அதைவிட, போகம், தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்று மூன்று நிரல்களாக்குவது நல்லது. திகதிகளை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் 2011-01-09 என எழுதுங்கள்.

அலகுகளை மாற்றும்போது மூலத்தை அழிக்காதீர்கள். பழைய மழைப் பதிவு அங்குலத்தில் இருக்கும், 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர். குளக் கொள்ளளவு ஏக்கர்-அடியில் இருக்கும். ஓர் ஏக்கர்-அடி ஏறத்தாழ 1233.5 கன மீற்றர். நெல் புசலில் இருக்கும். ஒரு புசல் ஏறத்தாழ 20.9 கிலோ. பதிவேட்டில் உள்ள எண், அதன் அலகு, மாற்றிய எண் என்று மூன்றையும் தாருங்கள். மழைமானி காலை 8.30க்கு வாசிக்கப்படுவதால் ஒரு திகதிக்கு எதிரே உள்ள எண்ணில் பெரும்பகுதி முந்திய நாளின் மழையாக இருக்கும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். வெள்ளத்தை நாள்வாரியாக ஆராய்பவருக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

இப்போது இடைவெளிகள். பதிவேட்டில் பெட்டி வெறுமையாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மழை பெய்யவில்லை என்று எழுதாமல் விட்டிருக்கலாம். வாசிப்பவர் இடம்பெயர்ந்திருக்கலாம். மழைமானியே இல்லாமல் போயிருக்கலாம். பக்கம் கிழிந்திருக்கலாம். எழுத்து ஊறிப் படிக்க முடியாமல் இருக்கலாம். இவற்றை எல்லாம் ஒரே வெறுமையாக விட்டால் அடுத்து வருபவர் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு மாதத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 280, 310, பதிவில்லை, 190, 260 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சராசரி 260. பதிவில்லாததைப் பூச்சியமாக்கினால் 208. வன்னியில் வறட்சி வந்ததாக ஒரு கட்டுரை பிறந்துவிடும்.

ஆகவே மதிப்புக்குப் பக்கத்தில் "நிலை" என்று ஒரு நிரல் வையுங்கள். அளந்தது, அளவிட முடியாத துளி மழை, அளக்கப்படவில்லை, பக்கம் இல்லை, படிக்க முடியவில்லை, காரணம் தெரியவில்லை என்ற ஆறு குறிகள் போதும். மதிப்புப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். 999 போன்ற போலி எண் வேண்டாம், யாராவது அதையும் கூட்டிவிடுவார்கள். இடைவெளியை அயல் நிலையத்தின் எண்ணைக் கொண்டு நிரப்பும் வேலை ஆய்வாளருடையது. நீங்கள் நிரப்பித் தந்தால் எது அளந்தது, எது ஊகம் என்பது பிறகு எவருக்கும் தெரியாது.

நேரம் குறித்த பதிவுகளில் இன்னொரு சிக்கல். அரசு 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொண்டுவந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்தப் பத்தாண்டும் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே 1996க்கும் 2006க்கும் இடையில் வவுனியாவில் எழுதிய மணியும் கிளிநொச்சியில் எழுதிய மணியும் அரை மணித்தியாலமோ, 1996 மே முதல் ஒக்டோபர் வரை ஒரு மணித்தியாலமோ வேறுபடலாம். எழுதியபடியே பதிந்து, எந்த நேரம் என்று தெரிந்தால் தனி நிரலில் சொல்லுங்கள்.

ஊர்ப்பெயரும் மாவட்டமும்

வன்னித் தரவில் மிகப் பயனுள்ள துணைக்கோப்பு ஓர் ஊர்ப்பெயர் அட்டவணை. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், வழக்குப் பெயர், ஆவணங்களில் வந்த எல்லா வடிவங்கள், ஆள்கூறு, விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் அந்த இடத்துக்கு எண் இருந்தால் அதுவும். முதன்மை அட்டவணையில் ஆவணத்தில் உள்ளபடி பெயர் ஒரு நிரலிலும் இட எண் இன்னொரு நிரலிலும் இருக்கும். கட்டுக்கரைக்குளம் ஆங்கிலப் பதிவுகளில் ஜயன்ட்ஸ் டாங்க். அருவி ஆறு மேலே மல்வத்து ஓயா. மணலாறு சில ஆவணங்களில் வெலிஓயா. பெயரில் அரசியல் இருக்கும்போதும் ஆவணம் சொன்னதைத் திருத்தாதீர்கள். இட எண் இரண்டையும் இணைக்கும். மறுபுறம், புதுக்குளம் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு உண்டு. பிரதேசம் தெரியாவிட்டால் இட எண்ணை வெறுமையாக விடுங்கள்.

மாவட்டத்தையும் ஆண்டோடு சேர்த்தே பதிய வேண்டும். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் கரைச்சியும் பூநகரியும் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தன. 1975இன் நெல் உற்பத்திக் கணக்கில் கிளிநொச்சி மாவட்டம் இல்லையே என்று தேடுபவர்களும், 1984க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்ட விளைச்சல் திடீரென விழுந்ததற்குக் காரணம் தேடுபவர்களும் இந்த ஒரு குறிப்பால் காப்பாற்றப்படுவார்கள். "அன்றைய மாவட்டம்", "இன்றைய மாவட்டம்" என்று இரண்டு நிரல்கள் வையுங்கள்.

பெயர் வடிவங்களை ஒன்றுசேர்க்க ஓபன்ரிஃபைன் நல்ல கருவி. அதன் ஒலிசார் முறைகள் ஐரோப்பிய மொழிகளுக்கானவை, தமிழுக்கு உதவா. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளை மாற்ற வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தூரத்தை 1 அல்லது 2இல் வைத்துப் பாருங்கள். ஓரெழுத்து வித்தியாசத்தில் வெவ்வேறு ஊர்கள் இருப்பதால் தானாக இணைக்க விடாமல் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து ஏற்க வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை பாதியாகும்.

விளக்கக் குறிப்பு

தரவைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எளிய உரைக் கோப்பாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வவுனியாவில் சிங்கள மாணவர்களும் படிப்பதால் சிங்களத்தில் ஒரு பத்தியாவது இருக்கட்டும். மூலப் பதிவேட்டை யார், எதற்காக எழுதினார்கள். எப்போது, எவ்வாறு தரவாக்கப்பட்டது. ஒவ்வொரு நிரலும் என்ன, எந்த அலகில். நிலைக் குறிகளின் பொருள். எழுத்துணரியின் பிழை வீதம். எதை நீக்கினீர்கள், ஏன். எதற்குப் பயன்படுத்தக் கூடாது. எப்படி மேற்கோள் காட்டுவது. இத்தனையும் இரண்டு மூன்று பக்கத்தில் அடங்கும். தொடர்புக்கு ஒருவரின் சொந்த முகவரி வேண்டாம், அலுவலக மின்னஞ்சலைப் போடுங்கள்.

இல்லாதவற்றுக்கென்று ஒரு தனிப் பத்தி எழுதுங்கள். எந்த ஆண்டுகள் முற்றாக இல்லை, எந்தப் பிரதேசம் குறைவாக வருகிறது, எந்தத் துறையின் ஆய்வேடுகள் இடமாற்றத்தில் தொலைந்தன. இது இல்லாவிட்டால், 1990களில் குளங்களைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று நம்பும் ஒரு தலைமுறை வரும்.

வெளியிடல்

கோப்புறையில் மூலத்தரவு, சுத்தம் செய்த தரவு, மாற்றப் பதிவும் பயன்படுத்திய கணினிக் கட்டளைக் கோப்புகளும், விளக்கக் குறிப்பு என நான்கு உட்கோப்புறைகள் போதும். மீதரவுக்கு, எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பான சிசி0, நீங்கள் உருவாக்கிய அட்டவணைக்குக் கிரியேட்டிவ் கொமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமம் பொருத்தம். "வணிகமற்ற பயன்பாடு மட்டும்" என்ற நிபந்தனை பாதுகாப்பாகத் தோன்றினாலும் விக்கிப்பீடியா அதை ஏற்காது, பாடநூல் எழுதுபவரும் தயங்குவார். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றி, கூடவே ஆய்வுத்தரவுகளுக்கான இணையக் களஞ்சியமான ஸெனோடோவிலும் ஏற்றுங்கள். அது இலவசம், டிஓஐ என்ற நிலையான அடையாளம் கிடைக்கும், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு, திருத்திய பதிப்பை ஏற்றினால் புதிய டிஓஐ கிடைத்து பழையதும் நிலைக்கும். பதிப்பு எண்ணை 1.0 எனத் தொடங்கி, மாற்றியவற்றை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். வெளியிட்ட கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கவே கூடாது.

மாணவர்களில் பலர் கைத்தொலைபேசி டேட்டாவில்தான் பதிவிறக்குகிறார்கள். படங்களையும் அட்டவணையையும் ஒரே ஸிப்பில் அடைக்காதீர்கள். அட்டவணை தனியாக, சில எம்பிக்குள். நூறு வரி மாதிரிக் கோப்பு அதனிலும் தனியாக. முழுத்தொகுதி நூலகத்தில் பென்டிரைவில்.

வகுப்பில்

இரண்டு மணித்தியால ஆய்வுகூட வகுப்பு ஒன்றுக்கு மாதிரிக் கோப்பே போதும். முதல் அரை மணித்தியாலம் விளக்கக் குறிப்பை வாசிக்க வையுங்கள். அதைத் தாண்டி ஓட விடாதீர்கள். பிறகு ஊர்ப்பெயர்களைச் சேர்க்கும் பயிற்சி. அதன்பின் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையைக் கூட்டி, "நிலை" நிரலைப் பார்த்து ஒரு தடவையும் பாராமல் ஒரு தடவையும் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வரலாறு, புவியியல் மாணவர்களுக்குக் கணக்கைவிட ஒரு கேள்வி பொருந்தும்: இந்தப் பதிவேட்டை எழுதியவர் எதை எழுதத் தேவையில்லை என்று நினைத்தார்? விவசாய பீட மாணவர்கள் மழை அட்டவணையையும் விளைச்சல் அட்டவணையையும் போகவாரியாக இணைக்கலாம். இணைக்கும்போதுதான் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு நிரல்களின் அருமை தெரியும். மாணவர்கள் கண்டுபிடிக்கும் பிழைகளை ஒரு படிவத்தில் வாங்கி அடுத்த பதிப்பில் திருத்தி, கண்டுபிடித்தவர் விரும்பினால் பெயரையும் சேருங்கள்.

வெளியிட்ட பிறகு

ஆண்டுக்கு ஒரு தடவை சரிபார்ப்பு எண்களை மீண்டும் கணித்து மூன்று பிரதிகளையும் ஒப்பிடுங்கள். வன்தட்டுகளை ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள்.

நீக்கக் கோரிக்கை வரும். "இது என் அப்பாவின் படம், எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுதினால் முதலில் கோப்பை மறைத்துவிட்டு, பிறகு விசாரியுங்கள். அதே நாளில் பதில் போடுங்கள். கேட்டவரிடம் ஆதாரம் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். முடிவானதும் டிஓஐ பக்கத்தை அழிக்காமல், உருப்படி எண், நீக்கிய திகதி, "குடும்பத்தின் வேண்டுகோளின்படி" என்ற காரணம் ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்துப் புதிய பதிப்பை வெளியிடுங்கள். பழைய பதிப்புகளிலும் அந்தக் கோப்பு இருக்கும் என்பதால் ஸெனோடோவிடம் அவற்றையும் மறைக்கக் கேட்டு எழுத வேண்டும். நூலகத்துப் பென்டிரைவில் இருக்கும் பிரதியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.